அம்மன் முகத்தில் இரண்டு வெளிச்சம்

2024 ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. ஆடி பதினாறு. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் குடங்களை நிரப்பினேன். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். கோலம் இல்லை, ஐப்பசியிலிருந்து இந்த வாசலில் கோலம் கிடையாது. பால் வாங்கிக் காய்ச்சி, டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, கம்ப்யூட்டரில் காலி ஃபைல் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். ஒன்று கிடந்தது. அதை அழித்துவிட்டு, அந்த எண்ணுக்குரிய படத்தை மறுபடி போட வைத்தேன்.

இந்தக் காலி ஃபைல் தேடுவது என் மனைவி வைத்த பழக்கம். நாங்கள் இருவரும் கணினியில் அசையும் படம் செய்கிறவர்கள். கல்யாண மண்டபத்துத் திரை, கடைத் திறப்பு, கோயில் திருவிழா, எது வந்தாலும் செய்வோம். பல வருஷம் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு உத்திரமேரூருக்கே திரும்பி வந்தோம். முன்னறை என்னுடையது, அடுத்த அறை அவளுடையது. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு துளை, துளை வழியாக இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் ஒரு வயர். போன ஐப்பசியில் காய்ச்சல் என்று அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காம் நாள் இறந்துபோனாள்.

அசையும் படம் என்பது தனித்தனிப் படங்களின் வரிசைதான். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம்; ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு உருவாக்குவதைத்தான் படம் போடுவது என்போம். அதை ஒரே வீடியோவாகவும் சேமிக்கலாம், தனித்தனி ஃபைலாகவும் சேமிக்கலாம். எங்கள் ஊரில் வீடியோவாகச் சேமிப்பது புத்திசாலித்தனம் இல்லை. பாதியில் மின்சாரம் போனால் மொத்தமும் கெட்டுப்போகும். தனித்தனி ஃபைல் என்றால் போட்டவரை மிஞ்சும். எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து 0001, 0002 என்று பெயர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில திரைகளில் ஒன்றுக்கு அடுத்துப் பத்து வந்து நிற்கும். இதெல்லாம் படத்தைச் சேமிக்கும் முன்பே கம்ப்யூட்டர் திரையில் வரும் ஒரு சிறிய ஜன்னலில் தேர்ந்தெடுக்க வேண்டியவை. அந்த ஜன்னலில் டிக் போடும் கட்டங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் எழுதாதே. இரண்டு, எடுத்த எண்ணுக்கு முதலில் ஒரு காலி ஃபைலை வை.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று ஐந்தாம் எண்ணில் காலி ஃபைலை வைத்ததும் மற்றது அதைப் பார்த்துவிட்டு ஆறுக்குப் போகும். பந்தியில் இலை போட்டு இடம் பிடிப்பது மாதிரி. பிடித்த கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோனால் மட்டும் அந்த இலை காலியாகவே கிடக்கும். யாரோ உட்காரப் போகிறார்கள் என்று நினைத்து மற்றது அதைத் தொடாது. அதனால்தான் காலையில் முதல் வேலையாகத் தேடுவது.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கிராமத்தில் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டு. போன வருஷம் அந்தத் திருவிழாவுக்கு அம்மன் முகம் இருட்டிலிருந்து எழுந்து கண் திறக்கும் படத்தை என் மனைவி செய்து கொடுத்தாள். அவள் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டாள், பதினெட்டு மணி நேரம் ஆனது. இந்த வருஷமும் அதே படம் வேண்டும் என்றார்கள். ஆனால் போன வருஷத் திரை அகலமானது, இந்த வருஷத்தது உயரமானது. அதனால் எல்லாப் படங்களையும் புதிய அளவில் மறுபடி சேமிக்க வேண்டும்.

வருஷம் திரும்பாத வீட்டில் கோயில் வேலை எடுக்கலாமா என்று தர்மகர்த்தாவிடம் நானே கேட்டேன். அறுபதைத் தாண்டிய விவசாயி. "மெஷினுக்கு இன்னாப்பா தீட்டு?" என்றார். "நீ கோயிலாண்ட வராத. படம் வரட்டும்."

நேரம் போதாததால் புதன்கிழமை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் போட முடிவு செய்தேன். ஐப்பசிக்குப் பிறகு அவளுடையதைத் திறந்தது அப்போதுதான். அவள் நாற்காலி அவள் உயரத்துக்கு இறக்கி வைக்கப்பட்டிருந்தது. நான் உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே வேண்டியதைச் செய்துவிட்டு என் அறைக்குத் திரும்பினேன். முதலில் பாதி அளவில் ஒரு சோதனை வரிசை. நான் முன்னறையில் உட்கார்ந்து ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலி ஃபைல் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டரின் விசிறி வேகமெடுத்தது. சற்று நேரத்தில் அந்த ஃபைல் நிரம்பியது. அடுத்த எண்ணில் இன்னொரு காலி ஃபைல். அந்த அறையில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் "இருபத்தேழு கெட்டுப்போச்சு, பாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும் என்று என் காது தயாராகவே இருந்தது. எந்த எண் கெட்டாலும் முதலில் பார்ப்பது அவள்தான்.

வியாழன் காலை அந்தச் சோதனை வரிசையின் தொடக்கத்தை ஓட்டிப் பார்த்தபோது அம்மன் முகம் நடுங்கியது. வெளிச்சம் கூடிக் கூடிக் குறைந்தது. சோதனை வரிசைகளில் படத்தின் கீழ் இடது மூலையில் எந்தக் கம்ப்யூட்டர் போட்டது என்று அதன் பெயரைப் பொறித்துக்கொள்வோம். இதுவும் ஜன்னலில் ஒரு கட்டம்தான். என் கம்ப்யூட்டருக்குக் கம்பெனி வைத்த எழுத்தும் எண்ணும்தான் பெயர். அவளுடையதற்கு அவள் தன் பெயரையே வைத்திருந்தாள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இருட்டான படம் எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. எந்த நிறம் எவ்வளவு அடர்த்தியாக வர வேண்டும் என்று சொல்லும் வண்ண ஃபைல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் தனியாக இருக்கும். அவளுடையதில் அதை அவள் மாற்றி வைத்திருந்தாள். எப்போது, எதற்கு என்று எந்தக் குறிப்பும் இல்லை. என் கண்ணுக்கு அவளுடையது தவறாகத் தெரிந்தது. முகம் மிகவும் கறுத்து, சிவப்பு ஆழ்ந்து, கன்னத்தில் நிழல் தேங்கிக் கிடந்தது. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் என் வண்ண ஃபைலை எடுத்து அவளுடையதன் மேல் எழுதிவிட வேண்டும்.

அவள் புடவைகளைக் கொடுத்தாயிற்று. மூக்குக் கண்ணாடியையும் கொடுத்தாயிற்று. அந்தக் கம்ப்யூட்டருக்குள் அவள் தேர்ந்தெடுத்து வைத்தது வைத்தபடி இருந்தது. அதில் நான் இதுவரை ஒரு எழுத்தும் மாற்றியதில்லை.

வியாழன் மதியம் திரைக்காரர் வந்தார். வாலாஜாபாத்தில் எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறவர், என்னைவிடச் சிறியவர். சோதனை வரிசையை வாங்கிப்போக வந்தவர், நின்றுகொண்டே தொடக்கத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது? அம்மன் மூஞ்சி டியூப்லைட் மாதிரி வுட்டு வுட்டு எரியுது."

"ரெண்டு மெஷினும் ரெண்டு வெளிச்சத்துல போடுது."

"அவ்ளோதானே. உன்னுதுல கீறத தூக்கி அதுல போடு. ரெண்டும் ஒண்ணாயிடும்."

"ஆயிடும்."

"அஞ்சு நிமிசம் ஆவுமா?"

"அதுகூட ஆகாது."

"அப்புறம் இன்னாத்துக்கு அத்தையே பாத்துக்கினு குந்தியிருக்க?"

அவர் அடுத்த அறையை ஒருமுறை பார்த்தார். மேசைக்குள் தள்ளியிருந்த நாற்காலியைப் பார்த்ததும் குரலைக் குறைத்துக்கொண்டார்.

"சோறு துன்னியா, இல்லியா?"

"சாப்பிட்டாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் திரையில ஒரு தடவை பாத்துட்டு மாத்திடறேன்."

"நாளைக்கு மத்தியானம் படம் என் கையில இருக்கணும்ணா. காப்புக் கட்டிட்டா அப்புறம் பேஜாரு." பென்டிரைவை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "நீ ரோட்லயே நில்லு. உள்ள வராத."

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வண்டியில் போனேன். கோயில் ரோட்டுக்குக் கிழக்கே. மேற்கே சொர்ணவாரிப் பட்டத்து நெல், பால் பிடிக்கும் பருவம். நான் வயல் பக்கம், மோட்டார் கொட்டகையின் சுவரோரம் நின்றுகொண்டேன். திரையைக் கோயிலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பொங்கல் பானைகளுக்கு அடுப்புக் கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள், சீரியல் பல்பு கட்டுகிற இரண்டு பேர், நாற்காலியில் தர்மகர்த்தா. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

வெளிச்சம் மங்கியதும் படத்தை ஓடவிட்டார்கள்.

திரை எவ்வளவு கொடியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மேசையில் அளவாகத் தெரிந்த முகம் இங்கே வெளுத்துப் போயிருந்தது. நொடிக்கு நொடி வெளுப்பதும் கறுப்பதுமாக முகம் துடித்தது. இடது மூலையில் என் கம்ப்யூட்டர் பெயரும் அவள் பெயரும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, படிக்க முடியாத ஒரு அழுக்காகத் தெரிந்தது. பெண்களில் ஒருத்தி, "அம்மாவுக்கு குளிர் ஜொரம் போல கீது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு துடிப்பு நின்றது.

முகம் அசையாமல் இருட்டுக்குள் ஆழ்ந்து நின்றது. கன்னத்து நிழல் நிழலாகவே இருந்தது, மூக்குத்தியில் மட்டும் ஒரு புள்ளி வெளிச்சம். இமைகள் மெல்லப் பிரிந்தன. மூலையில் இருந்த அழுக்கு தெளிந்து எழுத்தானது. சிறிய படத்தைப் பெரிய திரையில் நீட்டியிருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் கை உயரம் இருந்தது. அவள் பெயர். அம்மன் கண் திறந்து பார்க்கும்வரை அது அங்கேயே, ஆடாமல் நின்றது. பிறகு மறுபடி வெளுப்பு, மறுபடி துடிப்பு.

எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புதன்கிழமை நான் வெளியே போயிருந்தபோது மின்சாரம் போயிருக்கிறது. என் யூபிஎஸ் பழையது, தாங்கவில்லை. அவள் தன்னுடையதற்கு நல்ல பேட்டரி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். என் கம்ப்யூட்டர் அணைந்து, நான் வந்து அதை மறுபடி தொடங்கும்வரை அவளுடையது தனியாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. நான் இல்லாத வீட்டில், யாரும் இல்லாத அறையில், கண் திறக்கும் இடம் முழுவதையும்.

அடுப்புக் கல்லைக் கையில் வைத்திருந்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "அது அக்கா பேரு தானே?" என்றாள்.

தர்மகர்த்தா கையைத் தூக்கினார். "பின்னால போ. கண்ணு தொறக்கற எடம்... அங்க நிறுத்து."

திரைக்காரர் நிறுத்தினார். பாதி திறந்த கண்கள். கீழே அவள் பெயர். வயலில் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்தப் பெயரை அவ்வளவு பெரிதாகக் கடைசியாகப் பார்த்தது பதினாறாம் நாள் கட்டிய பேனரில். அதை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் எடுக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

தர்மகர்த்தா எழுந்து ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

"இது யாரு போட்டது? மொதல்ல வந்தது யாரு?"

"மொதல்ல ரெண்டு மெஷினும் கலந்து போட்டதுங்கய்யா. நிறுத்தியிருக்கீங்களே, அது அவ மெஷின் மட்டும்."

"மொதல்ல வந்தது அம்மா இல்லப்பா. மாவு பூசினாப்பல கீது. இதான் போன வருசம் வந்தவ. இதையே முழுசா போடு."

"சரிங்கய்யா."

"பேரு வேணாம்." திரையைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல பொண்ணு. எனுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வருசம் திரும்பல. நாளைக்கு எவன் வூட்லனா கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா ஊரு இத்ததான் சொல்லும்."

"பேர் சோதனைக்கு மட்டும்தான் போடறது. நாளைக்கு இருக்காது."

"வெளிய தெரியாம உள்ள எதுனா எழுதி வெப்பீங்களாமே. என் பேரன் சொல்லுவான்."

"வைக்கலாம்."

"அதுவும் வேணாம்பா."

"சரிங்கய்யா."

அவர் போன பிறகு திரைக்காரர் வந்தார். தலையைச் சொறிந்துகொண்டார். "இப்பதான் நெனப்பு வருதுண்ணா. அக்கா போன வருசம் ரெண்டு நாளு சாயங்காலம் இங்க வந்து குந்திக்கினு இருந்துச்சு. திரை மூஞ்சிய வெளுத்துடுதுன்னு சொல்லி மடியில லேப்டாப்ப வெச்சிக்கினு என்னமோ மாத்திக்கினே இருந்துச்சு, அத்தையே வூட்டு மெஷின்ல ஏத்தணும்னு சொல்லிச்சு."

"இதை மத்தியானமே சொல்லியிருக்கலாம்."

"நீ கேக்கவே இல்லியே. நான் பாட்டுக்கு உன்னுத அதுல போடுன்னேன். நல்லகாலம் நீ போடல." மின்சாரம் போனதைச் சொன்னேன். "உன் பேட்டரி செத்துட்டுது. அக்காது நல்ல பெருசு. ரெண்டு மெஷினையும் அதுலயே மாட்டு, தாங்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு என் கம்ப்யூட்டரைத் தூக்கினேன். அவள் அறையில், அவள் மேசையில், அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் வண்ண ஃபைலை எடுத்து என்னுடையதன் மேல் போட்டேன். அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதன் மேல் எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பழையதற்கு வேறு பெயர் வைத்துப் பத்திரப்படுத்துவது என் வழக்கம். அன்று வைக்கவில்லை. எழுது என்றேன்.

பிறகு சேமிப்பு ஜன்னலில் ஒவ்வொரு கட்டமாக வந்தேன். தனித்தனிப் படம். புதிய அளவு, முழு அளவு. நான்கு இலக்க எண். மேல் எழுதாதே. காலி ஃபைல் வை. படத்தில் பெயர் பொறிக்கும் கட்டத்தில் டிக்கை எடுத்தேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது. பெயரைப் படத்தில் காட்டாமல் ஃபைலுக்குள் மட்டும் எழுதும். அதைத் தொட்டவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். திரைக்காரர் இவற்றையெல்லாம் சேர்த்து வீடியோவாக மாற்றும்போது அது எப்படியும் உதிர்ந்துவிடும். ஊருக்குத் தெரியாது, அம்மன் முகத்திலும் இருக்காது. என் ஃபோல்டரில் மட்டும் இருக்கும். எந்த எண் அவளுடையது என்று எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கேட்டார், நான் சரி என்றேன். அந்தக் கட்டத்திலும் டிக்கை எடுத்துவிட்டேன்.

இரண்டையும் தொடங்கினேன். முதல் சில படங்கள் வந்ததும் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாமே அவளுடைய இருட்டு. வேலை சரியாக அமைந்துவிட்டது என்ற திருப்தி வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. காலையில் எந்தப் படத்தைக் காட்டினாலும் இது அவளுடையது என்று சொல்லியிருப்பேன். இப்போது எதைக் காட்டினாலும் சொல்ல முடியாது. பெயர் இல்லை. வெளிச்ச வித்தியாசம் இல்லை. அவள் தேர்ந்தெடுத்ததைக் காப்பாற்றிவிட்டேன். அதனாலேயே அவளுடையது எது என்று தெரியாமல் போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசிறிச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை வைத்தே அவளுடையது ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று சொல்வேன். இப்போது அங்கே இரண்டு ஓடுகின்றன. காதைக் கொடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் பாலுக்குப் போவதற்கு முன்பே அந்த அறைக்குப் போனேன். இரண்டும் வேலையை முடித்துவிட்டு அடங்கியிருந்தன. காலி ஃபைல் தேடினேன். ஒன்று கிடந்தது, கண் திறக்கும் இடத்தில். இரண்டுக்கும் நடுவே போகும் வயர் ஒரு நொடி விட்டிருந்தாலும் இப்படி ஆகும். அந்த இடத்தைப் பிடித்தது என்னுடையதா அவளுடையதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலி ஃபைலில் ஒன்றும் இருக்காது. அழித்தேன். மறுபடி போட இரண்டில் எதைத் தொடங்கினாலும் ஒரே படம்தான் வரும். அவளுடையதைத் தொடங்கினேன். விசிறி வேகமெடுத்தது. நாற்காலியை இழுக்காமல், அது வரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.